காலி – இரண்டு

மசேரு, தெட்சானே தொழிற்பேட்டை, மூன்றாம் வாயில்.
பைகளுக்குள் கைவிடுவது என் உத்தியோகம்.
சோப்பு, சோளக்கூழ் டப்பா, பைபிள்,
பாதி உரித்த ஆரஞ்சு, மாத்திரை அட்டை.
மணி ஐந்தானால் எண்ணூறு பெண்கள்
என் விரல்களைக் கடந்து வீட்டுக்குப் போவார்கள்.
யாருக்குத் தலைவலி, யாருக்குப் புதுக் காதல்
எல்லாம் தெரியும்.
பெயர்தான் தெரியாது.

ஜூன் மாதக் குளிரில் ஒரு பெயர் தெரியவந்தது.
கம்பளிக்கு அடியில் ஏதோ கடகடத்தது.
இரண்டு நூல் கோன்கள்,
நீலம் ஒன்று, காக்கி ஒன்று.
ஒரு ஊசிக்குக் கோக்கக்கூட நூலில்லை.
"காலிதானே" என்றாள்.
நான் பலகையைக் காட்டினேன்:
ஆலைக்குள் இருப்பதெல்லாம் ஆலைக்கே சொந்தம்.
"நூல் அவர்களுடையது, சரி.
நடுவிலிருக்கும் ஓட்டையுமா?"

வரிசை சிரித்தது. கடைசியில் நின்றவளுக்கு
என்னவென்று தெரியாமலே சிரிப்பு போய்ச் சேர்ந்தது.
நான் பதிவேட்டில் எழுதினேன்:
மாகட்லெஹோ, ஏழாம் வரிசை, காலி – இரண்டு.
எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு வருடக் காவலில்
ஒன்றுமில்லாததை ஒருத்தியிடமிருந்து பிடுங்கியது
அன்றுதான்.

மறுநாள் முதல் அவள் கம்பளியை
நான் தடவவில்லை.
என்னதான் செய்கிறாள் என்று மட்டும்
நூல் விட்டுப் பார்த்தேன்.
வரிசை நகரும் நேரத்துக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ
அவ்வளவே சொன்னாள்.
மண்ணெண்ணெய் ஊற்ற. சிந்தாது.
இன்னொரு நாள்: கீரை நாற்றுக்கு. வேர் நேராக இறங்கும்.
அப்புறம் நான்கு நாள் பேச்சில்லை.
அப்புறம்: நீயே வந்து பாரேன்.

சம்பளச் சனிக்கிழமை போனேன்.
கையில் அவளுடைய அந்த இரண்டு கோன்கள்.
தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி ஒன்பது அறைகள்.
அவளது கட்டிலுக்குக் காலாக
சிமெண்ட் நிரப்பிய கோன்கள் நான்கு.
சுவரில் ஆணியடித்த கோன்களில்
சீருடை, குடை, ஒற்றைக் காலுறை.
மெழுகுவத்திக்கு ஒன்று. முட்டை வைக்க ஆறு.
கோழிக்குஞ்சு ஒன்று நோயாம்,
தண்ணீர் புகட்டவும் ஒன்று.

வாசலில் அவள் மகன் கட்லெஹோ.
அவன் காதில் ஒரு கோன்,
கடைசி அறை வாசலில் இன்னொருவன் வாயில் ஒரு கோன்.
இரண்டுக்கும் நடுவே
நூல் பிடித்த மாதிரி நேராக
நூல்!
ஜீன்ஸ் பைக்கு இரட்டைத் தையல் போடும்
அதே ஆரஞ்சு நூல், முப்பதடி இருக்கும்.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்,
அதுவும் ஒரு கோனில்தான், துணி கட்டி.
என் விரல்களை எந்த நாளில் தாண்டிப் போனது இது?
கூந்தலிலா, கொண்டையிலா,
பைபிளில் எந்த அதிகாரத்திலா?

பையன் தன் கோனை என் காதில் வைத்தான்.
பிளாஸ்டிக் குளிர்ந்திருந்தது.
முதலில் ஒரு இரைச்சல்.
பிறகு அந்தக் கோடியிலிருந்து,
என் குரலிலேயே, கரகரவென்று:
"பையைத் திற!"

தேநீர் குடித்தேன். நூலைப் பற்றிப்
பேசவில்லை, அவளும் பேசவில்லை.
புறப்படும்போது நான் கொண்டுவந்த இரண்டில்
நீலத்தை என்னிடமே திருப்பித் தந்தாள்.
"உன் வீட்டில் ஓட்டை எதுவும் இல்லையா?"

இருந்தது. ஜன்னல் கண்ணாடியில்,
கல்பட்டு மூன்று வருடமாக.
நீலக் கோன் அதில் கச்சிதமாகச் செருகிக்கொண்டது.
குளிர் அடைபட்டது என்று படுத்தேன்.
மலோட்டி மலைப் பனியைத் தொட்டு வரும் காற்று
இரவு இரண்டு மணிக்கு அதை வாயில் வைத்து ஊதியது,
அசல் ஆலைச் சங்கு மாதிரி.
பாதித் தூக்கத்தில் பூட்ஸ் மாட்டி
கதவுவரை போய்விட்டேன்.

திரும்பி வந்து
ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி
இருட்டில் நின்றுகொண்டிருக்கிறேன்.
விரலை எடுத்தால் ஊதுகிறது.
வைத்தால்
நாடியில் மெல்லத் தட்டுகிறது,
யாரோ மறுமுனையில் இருப்பது போல.